செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26: பென்னாகரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

'வந்திருக்கும்' என்று சொன்னது வேண்டுமென்றேதான். 61 உறுப்பினர்களில் இன்று கையெழுத்துப் போட்டவர்கள் 17 பேர். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 20 பேர் (கோரம்) வேண்டும் என்பதால், வழக்கம்போல அரைமணி நேரம் ஒத்திவைத்து, அதே 17 பேரை வைத்து மறுபடியும் கூட்டியிருக்கிறோம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனவர்களுக்கு மோர் கொடுத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. ரத்ததான முகாம் மழையால் தள்ளிப்போனது, அப்புறம் நடக்கவே இல்லை.

இனி, மாதாமாதம் மூன்றாம் ஞாயிறு சங்க மாடியில் நடக்கும் தரவு வாசிப்புக்கு வருகிறேன். 'செயலாளரின் சொந்த ஆசைக்குச் சங்கத்தின் மாடியா?' என்று சிலர் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்துத் தண்ணீரில் புளோரைடு இருப்பது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. அதனால் வரும் காவிப் பல்லைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, நல்லது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் கை தானாக ஆழ்துளைக் கிணற்று (போர்) மோட்டாரின் சுவிட்சுக்குத்தான் போகிறது. இதைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் பஞ்சமில்லை. கல்லூரிகளிலிருந்து வருகிறார்கள், நம் கிணற்றில் பாட்டிலில் மொண்டுகொண்டு போகிறார்கள். முடிவு ஆங்கிலத்தில் எங்கோ ஓர் ஆய்விதழில் வருகிறது. அதைப் படிக்கப் பல நேரம் நாமே காசு கட்ட வேண்டியிருக்கிறது. தண்ணீர் கொடுத்த வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கட்டுரைகளைத் தேடியெடுத்து, மாதம் ஒன்றாகத் தமிழில் சொல்லுவதுதான் இந்த வாசிப்பு.

முதல் ஞாயிறிலேயே பலன் கிடைத்தது. கொதிக்க வைத்தால் புளோரைடு போய்விடும் என்று வந்தவர்களில் பாதிப்பேர் நினைத்திருந்தார்கள். போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை. இதைச் சுவரில் பெரிதாக எழுதிப் போட்டோம்.

அப்புறம் அரசுத் தரவு. பொதுப்பணத்தில் திரட்டிய தரவை, கணினி படிக்கிற வடிவில், பொதுமக்களுக்குத் திறந்துவைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்கை. யாரும் கேட்காமலே வெளியிட வேண்டிய விவரங்கள் எவை என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் கேட்டும் பார்த்தோம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தண்ணீர் விவரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனுப் போட்டோம். 30 நாள் கெடு தாண்டி, மேல்முறையீடும் செய்த பிறகு, சாய்வாக எடுத்த ஜெராக்ஸ் கட்டு ஒன்று வந்தது. அதில் பக்கத்து ஊர் பாப்பாரப்பட்டிக்கு மட்டும் ஆங்கிலத்தில் மூன்று விதமான எழுத்துக்கூட்டல். கணினியில் ஏற்றினால் அது மூன்று ஊராக எண்ணிக்கொள்ளும். நானும் இன்னும் இருவரும் ஸ்கேல் வைத்து வரிவரியாகத் தட்டச்சு செய்தோம். அந்த இரண்டு ஞாயிறும் வருகைப் பதிவேட்டில் மூன்றே கையெழுத்து.

பிறகு நாமே சோதனைப் பெட்டி வாங்கி வீட்டு போர்களைச் சோதித்தோம். சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு நின்றால் நிம்மதி, மஞ்சளாகப் போகப் போக புளோரைடு அதிகம். முடிவை வீட்டுக்காரர் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். வெளிப்படைத்தன்மை என்று நினைத்துத்தான் செய்தேன். மறுநாள் காலை ஓர் அம்மா வந்து பலகை முன் நின்றார். "வாத்தியாரய்யா, எங்க வூட்டுத் தண்ணி மஞ்சளுன்னு ஊருக்கே ஒட்டிட்டீங்க. பொண்ணு பாக்க வர்றவங்க மொதல்ல பல்லத்தான பாப்பாங்க?" என்றார். அந்தப் பெண்ணின் பல்லில் ஒரு கறையும் கிடையாது. என்னிடம் பதில் இல்லை, தாளைக் கிழித்தேன்.

அடுத்த தாளில் பெயரை எடுத்துவிட்டுத் தெருவை மட்டும் போட்டேன். நாலே வீடு உள்ள தெருவில் அதுவும் பெயர் போட்ட மாதிரிதான் என்பது ஒட்டிய பிறகுதான் உறைத்தது. இப்போது பலகையில் பத்து வீட்டுக்குக் குறையாமல் சேர்த்துத்தான் போடுகிறோம். கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குத் தன் போர் எப்படி என்று தெரிந்தாக வேண்டும் என்பதால், அந்தந்த வீட்டு முடிவைச் சீட்டில் எழுதி வீட்டிலேயே கொடுக்கிறோம். சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வரவில்லை என்பது வேறு கதை.

அதே பலகையில் சந்தா பாக்கிப் பட்டியலையும் ஒட்டினேன் என்ற புகாருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சந்தா வருடத்துக்கு 300 ரூபாய். பாக்கி வைத்திருப்பவர்கள் 38 பேர். அவர்களில் ஒருவர், 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி எனக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். தரவு வாசிப்புக்கு ஒரு நாளும் வராதவர் அந்தச் சட்டத்தைப் படித்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அது டிஜிட்டல் வடிவில் உள்ள விவரங்களுக்கான சட்டம். நான் ஒட்டியது கையால் எழுதிய தாள். அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டது நான் அல்ல. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) என்று நம்மவர்கள் சொல்லும் விலக்குப் பிரிவை இந்தச் சட்டம்தான் மாற்றியது, 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. தனிநபர் விவரம் என்றாலே இனி மறுக்கலாம். பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிற 8(2) மட்டும் மிச்சம் இருக்கிறது. நாளைக்கு நம் மனுக்களுக்கு வரப்போகிற பதிலைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. சரி, பட்டியலை எடுத்துவிட்டேன். அந்த அம்மா முகம் நினைவுக்கு வந்ததுதான் காரணம், ஆட்சேபக் கடிதம் அல்ல.

வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்குள் செலவு அடங்கியது. சோதனைப் பெட்டிக்கு ஆன தொகையில் ஒரு பகுதி இன்னும் என் கைக்கு வரவில்லை, அவசரமில்லை.

மாடியை இலவசமாகத் தரும் கட்டட உரிமையாளருக்கும், டீக்கடைக்காரருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டு மழைக்கு முன்னும் பின்னும் இருமுறை சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் என்பதை விட, யார் செயலாளரோ அவர். எனக்கும் வயதாகிறது. தட்டச்சு செய்த பட்டியல் முழுவதும் என் மடிக்கணினியில் இருக்கிறது. வீடுவாரியான தாள்கள் பீரோவில், சாவி தலைவரிடம். பொறுப்பேற்பவருக்கு ஒரே மாலையில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ரசீதுப் புத்தகம் இப்போது என் பையில்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்து டீ குடித்து முடிக்கும் வரை நான் இங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்