அந்த ஒரு சுவிட்சை மட்டும் விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய பராமரிப்புப் பிரிவினருக்கு,

வணக்கம். தைப்பூச விடுமுறை முடிந்து, தண்ணீர்மலை ஏறிய கால்வலியோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். ஃப்ரீசரைத் திறந்ததும் குவளையைத்தான் பார்த்தேன். பனிக்கட்டியின்மேல் வைத்திருந்த 20 சென் காசு அடியில் கிடந்தது. உருகி, மறுபடி உறைந்திருக்கிறது.

காசு வைத்த காரணம் உங்களுக்குத் தெரியும். போன தீபாவளிக்கும் இதே கதை. ‘விடுமுறைக்கு முன் எல்லாச் சுவிட்சுகளையும் அடைக்கவும்’ என்ற உங்கள் சுற்றறிக்கைப்படி எவரோ ஃப்ரீசரையும் அடைத்து, நாங்கள் வருமுன் திறந்துவிட்டார்கள். பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டிஎன்ஏவை வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்கள் பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்தவை. மைனஸ் 20 பாகையிலும் உறையாது. நல்லதும் கெட்டதும் குப்பிக்குள் ஒரே மாதிரிதான் இருக்கும். விவரம் தெரியாமல் ஒரு மாணவி, டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை மூன்று வாரம் ஓட்டினாள். என்சைம் போட்ட பிளாஸ்மிட்டும் (வட்ட வடிவ டிஎன்ஏ) போடாத பிளாஸ்மிட்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே கோடுகளாய் நின்றன, வெட்டே விழவில்லை. ‘உனக்குக் கை சுத்தமில்லை’ என்று திட்டு வாங்கியவள் அவள். திட்டியவன் நான்.

அந்த ஒரு சுவிட்சை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அப்போதே எழுதிக் கொடுத்தேன்.

ஈகோஆர்ஒன் என்ற என்சைம் டிஎன்ஏவில் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்தைக் கண்டால்தான் வெட்டும். அதுவும் ஜிக்கும் ஏக்கும் நடுவில். வெட்டிய முனைகளில் நாலெழுத்து வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதே என்சைம் வெட்டிய வேறெந்த டிஎன்ஏவின் வாலும் அதோடு பொருந்தும், லைகேஸ் என்ற இன்னொரு என்சைம் இரண்டையும் ஒட்டிவிடும். 1982இல் மருந்தாக வந்த மனித இன்சுலினுக்கும் இந்த வெட்டு ஒட்டு வேலைதான் அடித்தளம். உங்கள் பிரிவிலும் யாராவது இன்சுலின் ஊசி போடுபவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஃப்ரீசரில் உள்ளவற்றில் சில தாக்குப்பிடித்திருக்கலாம். எது என்று தெரியாத என்சைமை நம்பி யார் வேலை செய்வது? மின்சாரம் மிச்சமானது வாஸ்தவம். ஆளே இல்லாத உங்கள் கூட்ட அறையில் ஏர்கோன் மட்டும் விரதமிருந்து ஓடுகிறது, அதை அடைக்க எந்தச் சுற்றறிக்கைக்கும் கை நீளவில்லை.

மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான்: அந்தச் சுவிட்சுக்கு ஒரு பூட்டுமூடி, முடிந்தால் ஜெனரேட்டர் இணைப்பு. தயவுசெய்து அந்த ஒரு சுவிட்சை விட்டுவிடுங்கள்.

நாளைக் காலை குவளையை உங்கள் முகப்பிடத்தில் வைக்கிறேன். உருகுமுன் வந்து பாருங்கள்.

பணிவுடன்,
ஆய்வுக்கூட உதவியாளர், பினாங்கு