வரவேற்பு மேசைப் பூ: இன்று இரவுக்குள் சொல்லுங்கள்

சொந்தங்களுக்கு வணக்கம். கல்யாண வரவேற்பு பாம்பன் பக்கம், கடலோரத் திறந்தவெளியில் என்பதால் மேசைப் பூவைக் கொஞ்சம் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். சித்தப்பா அனுப்பிய படத்தில் இருக்கும் உயரமான கண்ணாடி ஜாடி அழகுதான். ஆனால் சாயங்காலக் காற்றில் முதல் பந்திக்கே சாய்ந்துவிடும். எதிரே உட்கார்ந்தவர் முகமும் தெரியாது.

என் விருப்பம் பனை ஓலைப் பெட்டி. நம் ஊர்ப் பொருள், தாழ்வாக இருக்கும். உள்ளே ஒரு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு, அதில் சம்பங்கியும் செவ்வந்தியும். அடியில் இரண்டு கூழாங்கல் போட்டால் அசையாது. இல்லையென்றால் பித்தளை உருளியில் ரோஜா இதழ் மிதக்கவிடலாம். கனம் இருப்பதால் காற்றுக்கு அஞ்ச வேண்டாம், ஆனால் இருபது மேசைக்கு உருளி யார் தருவது?

மல்லி மேசைக்கு வேண்டாம். அந்தி நேரத்தில் விரிந்து மணத்தைக் கொட்டும், பிரியாணி வாசனையோடு ஒத்துப்போகாது. (தங்கச்சிமடத்து மல்லி நாற்று ஊர் ஊராகப் போகிற பெருமை தலையில் வைக்கிற சரத்தோடு இருக்கட்டும்.)

அப்புறம், அலங்காரத்துக்குப் பவளப்பாறைத் துண்டு என்று யாரோ கேட்டிருந்தீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்டது. எடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

பூ மதுரை மாட்டுத்தாவணியில் அன்று காலையில் வாங்கிக்கொள்வோம். ஓலையா, உருளியா? ஒரே சொல்லில் பதில் போடுங்கள், குட் மார்னிங் படம் வேண்டாம்.