ஓவிய நோட்டில் நீலத் தேயிலை

கோத்தகிரி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் கணக்கு மார்க்கைவிட ஓவிய நோட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினீர்கள். தேயிலைச் செடிக்கு நீலம், பாட்டியின் மூக்கில் பச்சைக் கோடு, பக்கவாட்டு முகத்தில் இரண்டு கண்கள். “நாலாம் வகுப்பில் இதைவிட நன்றாக வரைந்தாளே சார்?” என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று நேரம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்தப் பருவத்தில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை எங்கள் ஓவிய ஆசிரியை நவீன ஓவிய வரலாறு நடத்துகிறார். பெயர்களை ஒப்பிக்க வைப்பதில்லை. ஒவ்வொரு பாணியிலும் பிள்ளைகளே வரைந்து பார்க்கிறார்கள்.

நீலத் தேயிலை இம்ப்ரெஷனிசப் பாடத்தில் வந்தது; பொருளை அப்படியே காட்டாமல், அந்த நேரத்து வெளிச்சத்தில் அது கண்ணில் படும் விதத்தை வரையும் பாணி அது. 1839இல் புகைப்படம் பொதுப் புழக்கத்துக்கு வந்ததும், உள்ளதை உள்ளபடி காட்ட ஓவியர் தேவை என்ற நிலை மாறத் தொடங்கியது. 1841இல் தகரக் குழாயில் அடைத்த வண்ணமும் வந்துவிட்டதால், சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் நின்று வரைவது சுலபமானது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் பிரான்ஸின் லெ ஹாவ்ர் துறைமுகத்தின் பனிமூடிய காலையை வரைந்தார். 1874இல் பாரிஸில் அதைப் பார்த்த ஒரு விமர்சகர், சுவரில் ஒட்டும் காகிதம்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று கேலி செய்தார். மோனே அசரவில்லை. 1890, 91இல் வைக்கோல் போர்களையே வெவ்வேறு வெளிச்சத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். நம் பிள்ளைகள் வகுப்பு ஜன்னலில் தெரியும் ஒரே சரிவைக் காலை, மதியம், மாலை என்று மூன்று முறை வரைந்தார்கள். மூடுபனி விலகாத நேரத்தில் நீங்களும் எதிர்ச்சரிவைப் பாருங்கள், பச்சை எவ்வளவு தெரிகிறது என்று.

பாட்டியின் பச்சை மூக்கு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் வழி. அவர் 1905இல் தன் மனைவியின் முகத்தை வரைந்தபோது நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு பச்சைப் பட்டை இழுத்தார். நிழல் செய்ய வேண்டிய வேலையை அங்கே நிறம் செய்கிறது. இரட்டைக் கண் கியூபிசம்: பிக்காசோ, பிராக் என்ற இரண்டு ஓவியர்கள் ஒரு பொருளின் பல பக்கங்களை ஒரே நேரத்தில் காட்ட முயன்றார்கள்.

பிக்காசோவின் ‘குவெர்னிகா’வுக்கு மட்டும் இரண்டு பீரியட் ஒதுக்கினோம். 1937 ஏப்ரலில் ஸ்பெயினின் குவெர்னிகா என்ற ஊர் மேல் ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. சில வாரங்களில் சுமார் ஏழே முக்கால் மீட்டர் அகலத்தில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும் வைத்து பிக்காசோ இந்த ஓவியத்தை வரைந்து முடித்தார். இறந்த குழந்தையை ஏந்திய தாயையும் அலறும் குதிரையையும் பார்த்துவிட்டு எட்டாம் வகுப்பில் யாரும் “கிறுக்கல்” என்று சொல்லவில்லை.

காண்டின்ஸ்கி, மோண்ட்ரியான் என்ற ஓவியர்களின் வகை அரூப ஓவியத்தை, அதாவது எந்தப் பொருளையும் காட்டாமல் நிறமும் வடிவமும் மட்டும் கொண்ட ஓவியத்தை, வேகமாகத்தான் கடந்தோம். தோடர் சால்வையின் கறுப்பு, சிவப்புக் கோலத்தைப் பார்த்து “இது என்ன படம்?” என்று நாம் கேட்பதில்லை அல்லவா, அந்த அளவில் புரிந்தால் போதும். 1917இல் டுஷாம்ப் என்ற கலைஞர் ஒரு சிறுநீர்க் கோப்பையையே கலைப்படைப்பாகக் கண்காட்சிக்கு அனுப்பியதில் எனக்கு இன்றும் முழுச் சம்மதம் இல்லை. ஆசிரியையோடு வாதாடித் தோற்றுவிட்டேன், எட்டாம் வகுப்புக்கு அதுவும் உண்டு.

“இதெல்லாம் சோறு போடுமா?” என்றும் கேட்டீர்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தன் மாணவர்களோடு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆக, சுலபமாகப் போட்டதில்லை. உங்கள் பிள்ளை ஓவியராக வேண்டும் என்பதற்காகவும் நாங்கள் இதை நடத்தவில்லை.

சரி, உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். சீருடைக்கு மேல் போட ஒரு பழைய சட்டையும், பழைய செய்தித்தாளும் கொடுத்தனுப்புங்கள். விலை உயர்ந்த வண்ணப் பெட்டி வேண்டாம், போஸ்டர் கலர் பள்ளியில் இருக்கிறது. வீட்டில் யாரும் படத்தைத் ‘திருத்தி’க் கொடுக்காதீர்கள். இரண்டு நோட்டுகளில் அப்பாவின் கை நன்றாகவே தெரிகிறது! ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கொடுக்கச் சொன்னவர்களுக்கு: கொடுக்க மாட்டோம்.

அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்குப் பள்ளி ஹாலில் எல்லாப் படங்களையும் மாட்டுகிறோம். அன்று இலை பறிப்பு இருக்கும் வீட்டார் 5 மணிக்கு மேல் வந்தாலும் பரவாயில்லை, ஹாலைப் பூட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்