கூத்து ரிக்கற்றைப் பிள்ளைகளே செய்யட்டும்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் முடிந்த பிறகு நமது பாடசாலை மைதானத்தில் காத்தவராயன் கூத்து மேடையேற இருப்பதை அறிவீர்கள். அதற்கான ரிக்கற்றை வடிவமைக்கும் பொறுப்பைத் தரம் 9 மாணவர்களிடம் செயற்றிட்டமாகக் கொடுத்திருக்கிறோம். போன கிழமை சில பெற்றோர் என்னிடம் வந்து, "கொம்யூனிகேஷன் கடையில குடுத்தால் அரைமணித்தியாலத்தில வடிவாச் செய்து தருவாங்கள். பிள்ளையளை ஏன் சேர் மினக்கெடுத்துறியள்?" என்று கேட்டார்கள். அக்கறையோடு கேட்ட கேள்வி. ஆகவே எல்லோருக்குமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் வந்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் பச்சை பூசிய கதகளி முகம் இருந்தது. இணையத்தில் தேடிய பிள்ளைகளின் கைக்கு அதுதான் அகப்பட்டிருக்கிறது. கதகளி கேரளத்தின் பெருமைக்குரிய கலை. ஆனால் நமது மேடையில் அந்த முகம் வரப்போவதில்லையே. சித்திர ஆசிரியை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரிலுள்ள கூத்துக் கலைஞரான அண்ணாவியார் வீட்டுக்குப் போனார். அண்ணாவியார் தன் உடுக்கை அவர்களின் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒடுங்கிய இடை, இரண்டு பக்கமும் தோல், இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் கயிறு; அந்தக் கயிற்றை நடுவில் அழுத்தினால் நாதம் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. ஒவ்வொருவராக அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலை எடுத்தார்கள். ஒரு மாணவன் வரைந்ததில் கயிறு எங்கெங்கே குறுக்கே போகிறதோ அங்கெல்லாம் கோடு இருக்கிறது. ரிக்கற்றில் வரப்போவது அந்த உடுக்குத்தான். எந்தக் கடையிலும் இந்தப் படம் கிடைத்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ரிக்கற்றில் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தைப் போடுவார்கள். முடியும் நேரத்தை யாரும் போடுவதில்லை. ஒரு மாணவி அதையும் போடத்தான் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றாள். காட்டோரப் பாதையால் வருகிற குடும்பங்களுக்கு எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று தெரியாவிட்டால் வரவே யோசிப்பார்கள், யானை நடமாட்டம் இருக்கிற நேரத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் எப்படிப் போவது என்றாள். கோயிலில் கூத்து விடிய விடிய நடக்கும், சனமும் அங்கேயே பாய் விரித்து இருந்துவிடும். பாடசாலையில் அது சரிவராது. இப்போது ரிக்கற்றில் "மாலை 6.00 முதல் இரவு 9.30 வரை" என்று இருக்கிறது. அதைப் போட்டபின் கூத்தைப் பழக்குகிற ஆசிரியரும் அந்த நேரத்துக்குள் முடியும்படி காட்சிகளைச் சுருக்கவேண்டி வந்தது. தன் ஊர்ப் பாதையை நினைத்து யோசித்த அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு மிகவும் பெருமை.

கணக்கும் சும்மா வரவில்லை. ஏ4 தாள் 297 மில்லிமீற்றர் நீளம். ஒரு தாளில் ஐந்து ரிக்கற் என்று முழுநீளத்தையும் பிரித்தார்கள். போட்டோக்கொப்பி இயந்திரம் தாளின் ஓரத்தில் அச்சடிக்காது என்பது முதல் பிரதி வந்தபோதுதான் தெரிந்தது. மேல் ரிக்கற்றின் தலைப்பில் பாதியைக் காணோம். பிறகு ஒன்றுக்கு 57 மில்லிமீற்றர் என்று மாற்றினார்கள். ஐந்துக்கும் 285. மிச்சம் 12ஐ மேலே 6, கீழே 6 என்று விட்டார்கள். நானூறு கதிரைக்கு நானூறு ரிக்கற், எண்பது தாள்.

எழுத்திலும் சிக்கல் வந்தது. பிள்ளைகள் போனில் தட்டச்சுச் செய்தது யுனிகோட் எழுத்துமுறையில். நமது பக்கத்து அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளும்தான். பிள்ளைகளின் கோப்பினை அங்கே திறந்தால் எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. எழுத்துருவை உள்ளே பதித்துப் பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் அப்படியே வரும் என்பதைக் கணினி ஆசிரியர் காட்டிக் கொடுத்தார்.

ரிக்கற்றின் இடது பக்கத்தில், விற்கும்போது கிழித்து நாம் வைத்துக்கொள்ளும் அடிக்கட்டை இருக்கிறது. அதிலும் ரிக்கற்றிலும் ஒரே தொடர் இலக்கம். விற்கிற ஒவ்வொரு ரிக்கற்றுக்கும் காசுக்கணக்கு அந்த அடிக்கட்டைகளில்தான் நிற்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அவற்றை எண்ணிப் பார்த்துப் பொறுப்பேற்கும். ரிக்கற் விற்று நடத்தும் நிகழ்ச்சிக்கு உள்ளூராட்சி மன்றம் களியாட்ட வரி அறவிடுவதற்கு 1946ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. எனவே அச்சடிக்க முன்னர் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுக்கவேண்டும். அந்தக் கடிதத்தின் வரைவையும் பிள்ளைகளே எழுதினார்கள். நான் திருத்தியது மிகக் கொஞ்சம்.

உங்களிடம் கேட்பவை இவை. பழைய கூத்து நோட்டீஸ், ரிக்கற், அழைப்பிதழ் ஏதும் வீட்டில் இருந்தால் ஒரு நாளைக்கு மட்டும் தந்துதவுங்கள். போர் முடிந்த 2009க்கு முந்திய கடதாசிகள் நம் வீடுகளில் மிஞ்சியது அபூர்வம் என்பது எனக்குத் தெரியும். இடம்பெயர்ந்து போகும்போது எதைத்தான் எடுத்துக்கொண்டு போனோம். கடதாசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அம்மம்மா, அப்பப்பா யாராவது அந்த நாளில் கூத்து எப்படி அறிவிப்பார்கள், யார் யார் ஆடினார்கள் என்று பிள்ளைக்குச் சொன்னால் அதுவே போதும். சொல்வதைப் பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும்.

திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும் மாதிரித்தாள் ஒன்று கொடுத்துவிடுவோம். பொழுதுபட்ட பிறகு விறாந்தை வெளிச்சத்தில் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசலில் நிற்கிறவர் அந்த மாதிரி வெளிச்சத்தில்தான் அதைப் பார்க்கப்போகிறார். எங்கே தடக்குப்படுகிறது என்பதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். தயவுசெய்து நீங்கள் பேனையால் திருத்தவேண்டாம், கடையில் கொடுத்து மாற்றவும் வேண்டாம். பிள்ளையே திருத்திக்கொண்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை தாள்கள் அச்சுக்குப் போகும்.

இங்ஙனம்,
அதிபர்