அது பெட்போர்ட் இல்லை, மச்சான்

மச்சான்,

மாமாவின் ஆண்டுத் திவசத்துக்குப் படச்சட்டத்தைக் கழற்றித் துடைத்தபோது எடுத்ததென்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நினைவு மலரின் நாலாம் பக்கத்தில் "1955, கிண்ணியாப் பாதையடியில் பெட்போர்ட் கியூ.எல். லொறியுடன்" என்று அச்சாகியிருப்பது பிழை. பெட்போர்ட் கியூ.எல். என்ற பிரித்தானிய இராணுவ லொறியும் பிழை, ஆண்டும் பிழை. இரண்டையும் சொன்னது நான். உன்னிடம் மட்டும் தொலைபேசியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் மலர் ஊரெல்லாம் போய்விட்டது. திருத்தமும் எல்லாரும் பார்க்கும் இடத்தில்தான் இருக்கவேண்டும்.

அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முதல்நாள் இரவு. பின்னால் கதிரை இறக்குகிற சத்தம். "என்ன லொறி எண்டு போடட்டும்?" என்று கேட்டாய். "பெட்போர்ட் கியூ.எல்., போடு" என்றேன். கொஞ்சம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்பா கனடா லொறி எண்டெல்லோ சொல்லுறவர்" என்றாய். "அது சும்மா பேச்சு. கனடா லொறியெண்டால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும்" என்று வெட்டினேன்.

அந்த வாதமே பிழை. இரண்டாம் உலகப்போரில் கனடா கட்டிய சி.எம்.பி. (கனேடியன் மிலிட்டரி பற்றர்ன்) இராணுவ லொறிகள் பிரித்தானியா கேட்டபடி வலப்பக்க ஸ்டியரிங்கோடுதான் வந்தன. நாலு லட்சத்துக்கு மேல் கட்டினார்கள். இது எனக்குத் தெரியாத விசயமும் இல்லை. முப்பத்தோராம் நாள் வேலையில் நீ நித்திரையில்லாமல் நின்ற நேரம் அது. அந்த நேரத்தில் உன் தகப்பனின் சொல்லைத் தட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஆனால் நீ எனக்குத் தந்தது என்ன? கண்ணாடிக்கு மேலால் எடுத்து வட்ஸ்அப்பில் போட்ட படம். லொறியின் மூக்கு சட்டத்துக்குள் இல்லை. மட்காட்டில் நாலு பொடியன்கள். கபினைக் கழற்றிப் பலகையில் அடித்திருக்கிறார்கள். கனடா லொறிகளுக்கு வந்த பழைய 13ஆம் இலக்கக் கபின் இருந்திருந்தால் ஒரு பார்வை போதும்: முன்கண்ணாடி வானத்துக்கு மினுங்காதபடி மேல்விளிம்பு முன்னுக்குத் தள்ளி நிற்கும். அதுவும் இல்லாத லொறியில் மிஞ்சுவது சில்லுகள்தான்.

முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை அளந்து, அதைச் சில்லின் கிடை அகலத்தால் வகுக்க வேண்டும். உயரத்தால் வகுத்தால் பிழைக்கும். லொறி சற்றுத் திரும்பி நின்றால் நீளம் சுருங்குகிற அளவுக்கு அகலமும் சுருங்கும், உயரம் சுருங்காது. கமராவுக்குக் கிட்ட இருக்கும் சில்லு பெரிதாகத் தெரியும், ஆகவே இரண்டு சில்லையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். எனக்கு 3.5 வந்தது. இராணுவத்து 10.50-20 ரயர் (பத்தரை அங்குலத் தடிப்பு, 20 அங்குல ரிம்) என்றால் விட்டம் 20உம் இரண்டு பத்தரையும், 41 அங்குலம். கியூ.எல்.லின் அச்சிடை, அதாவது இரண்டு அச்சுக்கும் இடைத்தூரம், 143 அங்குலம், வகுத்தால் 3.5. கனடாவின் மூன்று தொன் கட்டை லொறிக்கு 134, அது 3.3. நீட்டு லொறிக்கு 158, அது 3.9. கணக்கு அச்சொட்டாகப் பெட்போர்டில் போய் நின்றது.

ரயரை இராணுவத்து ரயர் என்று நம்பியதில்தான் விழுந்தேன். ஏலத்தில் எடுத்து ஊரில் ஓடிய லொறிக்குக் கிடைத்த ரயர்தான் ஏறும். 9.00-20 போட்டிருந்தால் விட்டம் 38 அங்குலம். 134ஐ 38ஆல் வகுத்துப் பார், அதுவும் 3.5. ரயரை விட்டு ரிம்மை அளந்திருக்க வேண்டும், அது மாறாது. உதட்டோடு சேர்த்து 22½ அங்குலம் அளவில் வரும். 134க்கு 6, 143க்கு 6.4. ஆனால் நீ அனுப்பியதில் ரிம் 30 புள்ளி (பிக்சல்) அகலம்தான். இரண்டு புள்ளி தவறினால் 7 சதவீதம் போய்விடும், இரண்டு லொறிக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான். அசலை ஸ்கேன் பண்ணி அனுப்பு என்று மூன்று தரம் கேட்டேன். அதற்கு உனக்கு நேரம் இல்லை, பதில் மட்டும் உடனே வேண்டும். "தெரியாது" என்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது, சொல்லவில்லை.

இப்போது சட்டத்தின் பின்னால் மடித்துவிட்டிருந்த மூன்று விரல் ஓரம் வெளியே வந்திருக்கிறது. அதில் மூக்கு முழுதாக இருக்கிறது, வலைத்தட்டி டைமன் கட்டம். 13ஆம் இலக்க முகத்தில் டைமன் என்றால் செவர்லே, சதுரம் என்றால் ஃபோர்ட். பத்திரிகையில் அச்சான படமென்றால் இதை நம்பமாட்டேன். அச்சுப் புள்ளிகளே சரிவாக விழுந்து டைமன் போலத் தெரியும், அப்போது சட்டையிலும் வானத்திலும் அதே கட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது கமராப் பிரதி, சட்டை சுத்தமாக இருக்கிறது. கனடாச் செவர்லே, 1941 கடைசிக்கும் 1945க்கும் இடையில் கட்டியது. ஒஷாவாவில். ஸ்கார்பரோவில் நீ இருக்கிற வீட்டிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம், மச்சான். அதை மாமாவிடம் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆண்டு: அதே ஓரத்தில் நிற்கும் மற்ற லொறியின் தகட்டில் எண்களுக்கு நடுவே சிங்கள ஸ்ரீ. அந்த எழுத்து தகட்டில் வந்தது 1957இல், ஆகவே படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த எழுத்தைப் பற்றித் திருகோணமலையில் இருந்துகொண்டு இங்கே இதற்கு மேல் எழுதவில்லை. மாமா என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும். வீட்டுக் காணி விசயத்தையும் இங்கே எடுக்கமாட்டேன்.

மடிப்பைக் கையால் நிமிர்த்தாதே, அயன் பண்ணாதே, பூச்சு வெடித்து உதிரும். மடிந்தபடியே முன்னும் பின்னும் ஸ்கேன் பண்ணு: 1200 டிபிஐ, 16 பிட் சாம்பல், டிஃப் கோப்பு. வட்ஸ்அப்பில் படமாக அல்ல, டொக்கியுமெண்டாக அனுப்பு. மூலை எங்காவது கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்காதே. கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து, கண்ணாடியோடே படமெடு.

மலரில் ஒட்டுவதற்குத் திருத்தச் சீட்டு நானே அடிப்பிக்கிறேன், காசு அனுப்பவேண்டாம். முதல் வரியில் "கனடா லொறி" என்று மாமா சொன்னபடியே போடுவேன். மாதிரி, பேரெல்லாம் அடுத்த வரியில்.