மஞ்சப்பையும் பத்து ரூபாயும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் இவளைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே கோத்தகிரியில் மழை விட்டபாடில்லை. பச்சைத் தேயிலைக்கு விலையும் இல்லை, பறிக்க ஆளும் இல்லை. இவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டில் தயாரித்தவர் விவரம் சொல்லும் க்யூஆர் கோடு, விற்ற பிளாஸ்டிக்கின் கழிவுக்கு நிறுவனங்களே பொறுப்பு என்று விதிகள் வந்துகொண்டிருக்கின்றன, இந்த முறையாவது பிளாஸ்டிக் குறையும் என்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

2019 ஜனவரி 1 அன்று நம் மாநிலத்தில் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. கொஞ்ச நாள் ஓட்டல்களில் வாழை இலைப் பார்சல், கறிக்கடையில் தூக்குவாளி என்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கேரி பை மெல்ல மேஜைக்கு அடியிலிருந்து வர ஆரம்பித்தது. 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லி அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். 2022 ஜூலையில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றுக்கு மத்திய அரசின் தடை. மத்திய விதியில் பைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தடிமனும் 50 மைக்ரானிலிருந்து 75, பிறகு 120 என்று ஏறியது. பூக்காரம்மா மைக்ரானைக் கண்டாரா? மொத்தக் கடையில் கிலோ கணக்கில் கிடைப்பதை வாங்கி, கனகாம்பரத்தை அதில் போட்டுக் கொடுக்கிறார். ரெய்டு என்றால் எந்த ஊரிலும் முதலில் மாட்டுவது அவரைப் போன்றவர்தான். அந்தப் பை எந்த மெஷினில் ஓடியது, எந்த லாரியில் வந்தது என்று பின்னோக்கிப் போகிறவர்கள் குறைவு. துணிக்கடையில் 'துணிப்பை' என்று நீட்டுகிறார்களே, அந்த நான்-ஓவன் பையும் பாலிப்ரோப்பிலீன்தான். அதுவும் அந்த 14-இல் ஒன்று!

உங்கள் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்ற கதையை நீதான் எனக்குப் பெருமையாகச் சொன்னாய். கூலி வேலைக்குப் போகிறவரும் ஷாம்பூ வாங்க முடிந்தது, நல்லதுதான். ஆனால் காலி தண்ணீர் பாட்டிலை எடைக்கு எடுத்துக்கொள்ளும் காயலான்கடைக்காரர் இந்தப் பாக்கெட்டைத் தொட மாட்டார். பல அடுக்காக ஒட்டியது, பிரிக்க முடியாது, எடையும் வராது. 2022 தடைப் பட்டியலில் ஸ்ட்ரா இருந்தது, ஐஸ்கிரீம் குச்சி இருந்தது, ஷாம்பூ பாக்கெட் இல்லை. நம் மாநிலம் ஆலையிலேயே அடைத்து வரும் பொருட்களுக்கு முதலில் விலக்குக் கொடுத்து, 2020-இல் அதை நீக்கியது. நீக்கி என்ன, பெட்டிக்கடையில் சரம் சரமாக அப்படியேதான் தொங்குகிறது.

நிறுவனப் பொறுப்பு என்கிறாயே, அது நடைமுறையில் சான்றிதழ் வியாபாரமாகத்தான் ஓடுகிறது. சந்தையில் விட்ட பிளாஸ்டிக்குக்கு ஈடாக, இவ்வளவு மறுசுழற்சி ஆனது என்று மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும். 2023-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியமே தணிக்கை செய்தபோது சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன. ஆலைக்கே போய் எடை போட்டுப் பார்க்க ஆள் இல்லாதபோது க்யூஆர் கோடு என்ன செய்யும்? இதில் உலக நாடுகளும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடினார்கள். பிளாஸ்டிக் உற்பத்திக்கு வரம்பு வைப்பதா என்ற இடத்திலேயே முட்டிக்கொண்டு, ஒப்பந்தம் இல்லாமல் கலைந்தார்கள். வரம்பு வேண்டாம் என்றவர்களில் நாமும் உண்டு.

எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. கண்ணெதிரே ஒன்று பலித்தது, அதுவும் டாஸ்மாக்கில்! உடைந்த பாட்டில் யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு உயர் நீதிமன்றம் போக, 2022-இல் இங்கே நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அதைக் கொடுத்துவிட ஏற்பாடு செய்தார்கள். குடித்தவன் போட்டுவிட்டுப் போனாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து காசாக்குகிறார். யாருக்கும் விழிப்புணர்வு வகுப்பு எடுக்கவில்லை. பாட்டிலை எண்ணி அடுக்கவே நேரம் போகிறது, வைக்க இடமில்லை என்று கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது கண்ணாடி பாட்டில், விற்பதும் ஒரே ஆள், அரசாங்கம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஷாம்பூ பாக்கெட்டுக்கு என்ன டெபாசிட் வைப்பது, எந்தக் கடைக்காரர் திருப்பி வாங்குவார்? இதற்கு ஒரு வழி சொல்லும் திட்டம் வரட்டும், முதல் ஆளாகக் கைதட்டுகிறேன். தண்ணீர் பாட்டிலுக்கும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கும் இதே ஏற்பாட்டை நாளைக்கே தொடங்கலாமே, அதைக்கூட ஏன் பேச மாட்டேன் என்கிறார்கள்?

மழை நின்றதும் தம்பதியாகக் கிளம்பி வா. கருவாடு மறக்காதே, நெத்திலி என்றால் இவளுக்குச் சந்தோஷம். வழியில் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டிலாக எடுத்து வா.

உன்,
ராஜு