கெட்டிஸ்பர்க் வந்த அதிபர்களின் வழித்தடத்துக்குத் தமிழிலும் ஒரு வழிகாட்டித் தாள் வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
(மகள் வீட்டில் தங்கியிருப்பவர்), பென்சில்வேனியா.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள்,
கெட்டிஸ்பர்க் நகர நிர்வாகம், பென்சில்வேனியா.

பொருள்: அதிபர்களின் வருகைகளை வரிசைப்படுத்தி, நடந்தே பார்க்க உதவும் ஒற்றைத் தாள் வழிகாட்டி வெளியிடவும், அதைத் தமிழிலும் தரவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்குச் சரளமாக எழுத வருவது தமிழ்தான். அதனால் மனுவைத் தமிழில் எழுதி, என் மகள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட, தென் மாநிலப் படைகள் 1863 ஜூலையில் மோதிய இந்த ஊரில் அதிபர் லிங்கன் ஆற்றிய கெட்டிஸ்பர்க் உரையைப் பள்ளிக்கூடத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். ஊரை நேரில் பார்த்தது இப்போதுதான். கார்லைல் தெருவில் உள்ள பழைய ரயில் நிலையத்தின் எதிரே வெகுநேரம் நின்றேன். 1863 நவம்பர் 18 மாலை லிங்கன் வந்து இறங்கிய நிலையம் அது. அங்கிருந்து சில நிமிட நடையில் சதுக்கம். அன்றிரவு அவர் தங்கிய டேவிட் வில்ஸ் வீடு அங்கே இருக்கிறது, உரையை எழுதி முடித்ததும் அந்த வீட்டில்தான். மறுநாள், போரில் மாண்ட வீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தின் அர்ப்பணிப்பு விழாவுக்குக் குதிரையில் போனார். விழாவின் முக்கியப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசியபின் லிங்கன் பேசியது இரண்டே நிமிடம். மாலையில் பால்டிமோர் தெருவில் உள்ள பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்துக்கு, போரில் துப்பாக்கி ஏந்திய உள்ளூர் முதியவர் ஜான் பர்ன்ஸையும் அழைத்துக்கொண்டு போனார். பல ஆண்டுகள் கழித்து அதே சபையில் உறுப்பினராகச் சேர்ந்தவர், இந்த ஊரில் பண்ணை வீடு வைத்திருந்த முன்னாள் அதிபர் ஐசனோவர். வகுப்பில் நான் ஒருநாளும் சொல்லாத செய்தி இது. எனக்கே தெரியாது.

அப்புறம் தேடத் தேட ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1904-இல் தியோடர் ரூஸ்வெல்ட், 1928-இல் கூலிட்ஜ், 1930-இல் ஹூவர் என்று, போரில் மாண்ட வீரர்களுக்கான நினைவு நாளில் அதிபர்கள் வந்து பேசியிருக்கிறார்கள். 1913 ஜூலை 4 அன்று, போரின் 50-ஆம் ஆண்டில், இரு தரப்பிலும் போரிட்ட முதியவர்கள் 50,000-க்கும் மேல் கூடியிருந்த இடத்தில் வில்சன் பேசினார். அவர் பிறந்தது தென்மாநிலமான வர்ஜீனியாவில். 1938 ஜூலை 3 அன்று பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அணையா விளக்கு நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார். அப்போது மிஞ்சியிருந்து வந்த போர்வீரர்கள் சுமார் 1,800 பேர், சராசரி வயது தொண்ணூறுக்கும் மேல். ஒருவரையொருவர் சுட்ட கைகள் முதுமையில் ஒரே பந்தலின் கீழ் கூடியதை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

1963 என் மனதை விட்டு அகலாத ஆண்டு. மார்ச் 31 அன்று கென்னடி குடும்பத்தோடு வந்து, தானே காரை ஓட்டிப் போர்க்களத்தைச் சுற்றிப் பார்த்தார். நவம்பர் 19, லிங்கன் உரையின் நூற்றாண்டு விழாவுக்கும் அவரை அழைத்தார்கள். வர இயலவில்லை. ஐசனோவர் பேசினார். மூன்றாம் நாள் டாலஸில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தியரான எங்களுக்கும் இந்த ஊரில் ஒரு தடம் உண்டு. 1956 டிசம்பரில் பிரதமர் நேருவை ஐசனோவர் தம் பண்ணை வீட்டுக்கு அழைத்து வந்து தங்க வைத்துப் பேசினார். 1978 செப்டம்பர் 10 அன்று அதிபரின் ஓய்வு இல்லமான கேம்ப் டேவிட்டில் நடந்த சமாதானப் பேச்சுவார்த்தையின் நடுவே அதிபர் கார்ட்டர், பகை நாடுகளாயிருந்த எகிப்தின் அதிபர் சதாத்தையும் இஸ்ரேலின் பிரதமர் பிகினையும் இங்கே கூட்டி வந்தார். பகைமையின் விலையை அவர்களுக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

இவ்வளவையும் நான் பல இடங்களில் துண்டு துண்டாகப் படித்துச் சேர்த்தேன். என்னைப் போல் பிள்ளைகளைப் பார்க்க வந்து, ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும் பெற்றோர் பலர் இந்த ஊருக்கு வருகிறார்கள். பீரங்கிகளையும் கல்லறைகளையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆகவே, ரயில் நிலையம், வில்ஸ் வீடு, தேவாலயம், கல்லறைத் தோட்டம் ஆகியவற்றை நடந்தே பார்க்கும் வரிசையிலும், விளக்கு நினைவுச் சின்னத்தையும் பண்ணை வீட்டையும் வாகனத்தில் போகும் இடங்களாகவும் காட்டும் ஒரு தாளை வெளியிட வேண்டுகிறேன். யார், எந்த ஆண்டு, எதற்காக வந்தார் என்று ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வரி போதும். லிங்கன் நின்று பேசிய சரியான இடம் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதையும் அதில் சொல்லிவிட வேண்டும்.

தமிழ் வடிவத்தை ஊதியம் இல்லாமல் எழுதித் தர நான் தயார். பிழை திருத்தி, அச்சுக்குப் போகும்வரை கூடவே இருப்பேன். அச்சுச் செலவு சிரமம் என்றால் முதலில் இணையத்தில் மட்டும் வெளியிட்டாலும் சரி. போர்க்களமும் பண்ணை வீடும் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பதால், தாங்கள் இந்த மனுவை அவர்களுக்கும் பரிந்துரையோடு அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மாதிரிக்காக ரயில் நிலையம், வில்ஸ் வீடு இரண்டுக்கும் தமிழில் எழுதிய வரிகளை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

இணைப்பு: ஆங்கில மொழிபெயர்ப்பு, தமிழ் மாதிரிப் பக்கம்